சிறுநீரக நோய்க்கான மருந்தாய்வில் சேர அழைப்பு வந்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை வளர்க்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு மருத்துவமனைகளோடு பழகியிருக்கும். முகமும் காலும் வீங்கியவுடன் தூக்கிக்கொண்டு ஓடுவது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஊர்க் குழந்தை மருத்துவரிடமோ. நோய் அடிக்கடி திரும்பத் தொடங்கிய பிறகு அவர்கள் எழுதிக்கொடுத்து அனுப்புவது பெங்களூரு, வேலூர், சேலம் அல்லது சென்னையிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு. அந்தப் பெரிய இடத்தில்தான் ஒருநாள், "இங்கே ஓர் ஆய்வு நடக்கிறது, உங்கள் பிள்ளையைச் சேர்க்கச் சம்மதமா?" என்ற கேள்வியும், பல பக்கங்கள் கொண்ட ஒரு படிவமும் பெற்றோர் கைக்கு வரும். சிலர் பிள்ளையை வைத்துச் சோதனை செய்யப்போகிறார்கள் என்று அஞ்சி உடனே மறுத்துவிடுகிறார்கள். சிலர் விலையுயர்ந்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது என்ற நம்பிக்கையில் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். மருத்துவர்களுக்கே உறுதியான விடை தெரியாத ஒரு கேள்விக்கு விடை தேடுவதே ஆய்வு. அந்தக் கேள்வி எது என்று புரிந்துகொண்ட பிறகு சொல்லும் 'சரி'யும் 'வேண்டாம்' என்பதும் சம மதிப்புடையவை. அதைப் புரிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவர்களுக்கு வரும் இதே வகை நோய்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நோயின் முழுப்பெயர்

"கிட்னியில் உப்பு", "கிட்னி வீக்கம்" என்று ஊரில் பொதுவாகச் சொல்லிக்கொள்வது ஆய்வில் சேரப் போதாது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் பழுதடைந்து, இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் பெருமளவில் சிறுநீரில் கழிந்துபோவதும், அதனால் இரத்தத்தில் ஆல்புமின் குறைவதும், உடலில் நீர் கோத்து வீங்குவதும் சேர்ந்ததே நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். இது ஒரு தொகுப்பின் பெயர். இதற்குள் பல நோய்கள் அடங்கும். குழந்தைகளில் மிகுதியாகக் காணப்படுவது 'மினிமல் சேஞ்ச்' வகை. அவர்களில் பெரும்பாலோருக்கு பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையால் புரதக் கசிவு நின்றுவிடும். ஆனால் அவர்களில் பலருக்கு அது மீண்டும் மீண்டும் திரும்பும். ஆறு வாரம் முறையாக ஸ்டீராய்டு கொடுத்தும் அடங்காவிட்டால் 'ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத வகை' என்று 2021இல் வெளியான இந்தியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவ வழிகாட்டுதல் வரையறுக்கிறது. எஃப்.எஸ்.ஜி.எஸ்., மெம்பரனஸ் நெஃப்ரோபதி, ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி ஆகியவை பயாப்சியில் (சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனையில்) தெரியவரும் வேறு நோய்கள். ஒரு வகைக்கு நடக்கும் ஆய்வில் மற்ற வகையினரைச் சேர்க்க மாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை, மருத்துவரிடம் நேராகக் கேட்டு மூன்று விவரங்களை எழுதி வாங்குவது: நோயின் வகை, ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படுகிறதா இல்லையா, கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை திரும்பியது. டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி அறிக்கை, இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் தேதியும் அனைத்தையும் ஒரே கோப்பில் தேதிவாரியாக அடுக்குங்கள். மருந்துச் சீட்டைத் தண்ணீர்க் குடத்தின்மேல் வைத்துத் தொலைப்பவர்கள் ஏராளம்; கைபேசியில் படம் எடுத்து வைப்பதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

இந்த இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் சிறுநீரக நோய் எதுவாக இருந்தாலும் தண்ணீரின்மேல் பழி போடும் பழக்கம் இங்கே இருக்கிறது. ஃபுளோரைடு முதன்மையாகத் தாக்குவது பற்களையும் எலும்பையும். குழந்தைகளின் நெஃப்ரோடிக் நோய் பெரும்பாலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாற்றோடு தொடர்புடையது. தண்ணீரை மாற்றினோம், இனி மாத்திரை தேவையில்லை என்று எந்தக் குடும்பமும் முடிவு செய்துவிடக் கூடாது.

காலைச் சிறுநீரும் குறிப்பேடும்

இந்த நோயின் ஆய்வுகளில் மிக முக்கியமான அளவீடு பல நேரங்களில் ஆய்வகத்தில் எடுக்கப்படுவதில்லை. உங்கள் வீட்டில், காலை முதல் சிறுநீரில் எடுக்கப்படுகிறது. தொடர்ந்து மூன்று நாள் காலைச் சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை (யூரின் ஸ்டிரிப்) காட்டும் புரதம் 3+ அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் திரும்பிவிட்டது என்றும், தொடர்ந்து மூன்று நாள் புரதம் இல்லாமலோ சுவடு அளவிலோ இருந்தால் அடங்கிவிட்டது என்றும் கணக்கு. ஒரு மருந்து நோய் திரும்புவதைத் தள்ளிப்போட்டதா இல்லையா என்பதை ஆய்வாளர் உங்கள் குறிப்பேட்டிலிருந்துதான் அறிகிறார். அழைப்பு வருவதற்கு முன்பே இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிடுவது நல்லது. ஆய்வில் சேராவிட்டாலும் இதனால் பலன் உண்டு, ஏனெனில் வீக்கம் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே பட்டையின் நிறம் எச்சரித்துவிடும்.

முறை எளிது. பிள்ளை எழுந்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான, சோப்பு எச்சம் இல்லாத கிண்ணத்தில் பிடித்து, யூரின் ஸ்டிரிப்பை நனைத்து எடுத்து, குப்பியில் அச்சிட்டுள்ள நேரம் முடிந்ததும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். சீக்கிரம் பார்த்தாலும் தாமதமாகப் பார்த்தாலும் நிறம் பொய் சொல்லும். பட்டைக் குப்பியின் மூடியை உடனே இறுக மூடுங்கள். குளியலறை ஈரமும் தகரக் கூரையின் வெப்பமும் பட்டைகளைக் கெடுத்துவிடும். காலாவதித் தேதி கடந்தவற்றைப் பயன்படுத்த வேண்டாம். பட்டை வாங்க முடியாத குடும்பங்களுக்குச் சிறுநீரைச் சோதனைக் குழாயில் சூடாக்கிப் பார்க்கும் முறையையோ, சல்ஃபோசாலிசிலிக் அமிலச் சொட்டு விட்டுக் கலங்குகிறதா என்று பார்க்கும் முறையையோ மருத்துவர்கள் கற்றுத் தருகிறார்கள். அவை நம்பகமானவையே, ஆனால் ஆய்வில் சேர்ந்த பின் ஆய்வுக் குழு சொல்லும் ஒரே முறையை மட்டுமே கடைசிவரை பின்பற்ற வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது.

குறிப்பேட்டில் தேதி, புரத அளவு, காலை எடை, அன்று கொடுத்த ஸ்டீராய்டின் அளவு, காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு போன்றவை, வேறு எந்த மருந்து கொடுத்தாலும் அதன் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். சளி பிடித்த நாளை எழுதுவது வீண் வேலை அல்ல. குழந்தைகளுக்கு இந்த நோய் பெரும்பாலும் சாதாரணத் தொற்றைத் தொடர்ந்தே திரும்புகிறது. ஒருநாள் பார்க்க மறந்துவிட்டால் அந்த இடத்தை வெற்றிடமாக விடுங்கள். ஊகித்து நிரப்பிய ஒரு '1+' பிள்ளையின் மருந்தளவையே தவறாக மாற்றிவிடக்கூடும். பள்ளிக்கூடம் போகும் வயதில் உள்ள பிள்ளை தானே பார்த்து எழுதக் கற்றுக்கொண்டால், பாட்டி வீட்டில் இருக்கும் நாட்களிலும் பதிவு அறுபடாது.

ஆய்வு எந்தக் கேள்வியைக் கேட்கிறது

மருத்துவரிடம் கேட்க வேண்டிய தலையான கேள்வி: "இந்த ஆய்வு எதை எதனோடு ஒப்பிடுகிறது, எதை வெற்றி என்று கணக்கிடப் போகிறது?" இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை கையெழுத்துக்குப் போக வேண்டாம். இதுவரை நடந்த சில ஆய்வுகளைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் பயன் விளங்கும்.

முதல் முறை நோய் வந்த பிள்ளைக்கு ஸ்டீராய்டை நீண்ட காலம் கொடுத்தால் நோய் திரும்புவது குறையும் என்று வெகு காலம் நம்பப்பட்டது. இந்தியாவில் 181 குழந்தைகளிடம் மூன்று மாதச் சிகிச்சையையும் ஆறு மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு, நீட்டித்ததால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்று காட்டியது. பிரிட்டனில் 237 குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான பிரெட்னாஸ் ஆய்வும், 16 வாரச் சிகிச்சை 8 வாரச் சிகிச்சையைவிட நோய் திரும்புவதைத் தள்ளிப்போடவில்லை என்றே கண்டது. நல்லது என்று எண்ணிக் கொடுத்த கூடுதல் மாத்திரைகள் தேவையில்லாதவை என்று தெரியவந்தது அந்தக் குடும்பங்கள் சம்மதித்ததால்தான். நம் பிள்ளைகளின் வளர்ச்சியும் எலும்பும் கண்ணும் அதனால் காப்பாற்றப்படுகின்றன.

இன்னொரு எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. நோய் அடிக்கடி திரும்பி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்டீராய்டு எடுத்துவந்த குழந்தைகளுக்குத் தொற்று வரும்போது சில நாட்கள் அதே அளவைத் தினமும் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று டெல்லியில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வான பிரெட்னாஸ் 2, சளி பிடிக்கும்போது ஆறு நாள் குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுப்பதால் பயன் இல்லை என்று 2022இல் அறிவித்தது. இரண்டிலும் சேர்ந்த குழந்தைகள் ஒரே நிலையில் உள்ளவர்கள் அல்லர், அவர்கள் அன்றாடம் எடுத்துக்கொண்டிருந்த மருந்தும் ஒன்றல்ல. எனவே ஓர் ஆய்வின் முடிவைப் பற்றிக் கேள்விப்பட்டால், அதில் சேர்ந்தவர்கள் உங்கள் பிள்ளையைப் போன்றவர்களா என்று கேளுங்கள். மருத்துவரும் மதிக்கும் கேள்வி அது.

ரிட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்தைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஜப்பானில் 48 நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அந்த மருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு இதைவிட அதிகம்) 267 நாள். மருந்தில்லாத ஊசி பெற்றவர்களுக்கு 101 நாள். நோய் திரும்புவது தள்ளிப்போனது, ஆனால் பெரும்பாலோருக்கு என்றென்றைக்குமாக நின்றுவிடவில்லை. கொல்கத்தாவில் 120 குழந்தைகளிடம் ரிட்டுக்சிமாபையும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முறையே 90 சதவீதமும் 63 சதவீதமும். பெரியவர்களின் மெம்பரனஸ் நோயில் 2019இல் வெளியான மென்டார் ஆய்வு, 24 மாத முடிவில் ரிட்டுக்சிமாப் குழுவில் 60 சதவீதத்தினரும் அதே வகை மருந்தான சைக்ளோஸ்போரின் குழுவில் 20 சதவீதத்தினரும் அடங்கிய நிலையில் இருந்ததைக் காட்டியது. இந்த எண்களைக் கண்டதும் எல்லோருக்கும் இதுவே மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. ரிட்டுக்சிமாப் நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பல மாதங்களுக்குக் குறைக்கிறது. மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

'வெற்றி' என்று எதைக் கணக்கிடுகிறார்கள் என்பதை எஃப்.எஸ்.ஜி.எஸ். நோய்க்கான டூப்ளெக்ஸ் ஆய்வு நன்றாக உணர்த்துகிறது. 371 நோயாளிகள் சேர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஸ்பார்சென்டான் என்னும் மாத்திரை, ஒப்பீட்டு மருந்தைவிடச் சிறுநீர்ப் புரதத்தை நன்றாகவே குறைத்தது. ஆனால் 108 வாரங்களில் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறையும் வேகத்தில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. புரதம் குறைவது நல்ல அறிகுறி. சிறுநீரகம் நீண்ட காலம் காக்கப்படுவது வேறொரு செய்தி. ஆய்வு இவற்றில் எதை அளக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிய அச்சத்துக்கும் ஓர் ஆய்வையே சான்றாகச் சொல்லலாம். ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதிக்கு ஸ்டீராய்டு பயன்படுமா என்று பார்த்த டெஸ்டிங் ஆய்வில் இந்திய நோயாளிகளும் இருந்தனர். ஸ்டீராய்டு குழுவில் கடுமையான தொற்றுகள் மிகுந்ததால் 2015இல் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பிறகு அளவைக் குறைத்து, நுரையீரல் தொற்றைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்து ஆய்வு தொடர்ந்தது. இறுதி முடிவு 2022இல் வெளியானபோது, சிறுநீரகச் செயலிழப்பு குறைவது தெரிந்தது. நடுவிலேயே எண்களைப் பார்த்து நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கொண்ட, ஆய்வாளரைச் சாராத பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு உங்கள் ஆய்வுக்கு உண்டா என்று கேளுங்கள்.

எந்த மருந்து யாருக்கு என்பதைப் பெரும்பாலும் கணினிக் குலுக்கல் முடிவு செய்யும்; மருத்துவரும் தேர்ந்தெடுக்க முடியாது. மருந்தில்லாத மாத்திரை கொடுக்கும் குழு இருந்தால், நோய் திரும்பியவுடன் வழக்கமான சிகிச்சை தடையின்றிக் கிடைக்குமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதிவேட்டில் சரிபார்த்தல்

இந்தியாவில் நடக்கும் மருந்தாய்வுகள் சி.டி.ஆர்.ஐ. (CTRI, Clinical Trials Registry - India) என்னும் பொதுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2007இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் மருந்தாய்வுகளுக்குக் கட்டாயமானது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். அதே பெயரில் இணையத்தில் தேடினால் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தில் பதிவு எண் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பதிவேடு ஆங்கிலத்தில் இருப்பதால் கல்லூரியில் படிக்கும் அண்ணனையோ அக்காவையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம். ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளின் பட்டியலில் உங்கள் மருத்துவமனை இருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் சேர்பவர்களின் நலனையும் உரிமையையும் காக்கும் குழுவின்) ஒப்புதல் பதிவாகியிருக்கிறதா, செலவை ஏற்பவர் யார், எந்த வயதினரைச் சேர்க்கிறார்கள், முதன்மை அளவீடு எது என்று பாருங்கள். மருத்துவர் சொன்னதும் அங்கே எழுதியிருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

ஒப்புதல் படிவம்

உங்களுக்குப் புரியும் மொழியில் படிவம் தரப்பட வேண்டும். பெங்களூருக்குச் செல்பவர்களிடம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தை நீட்டினால், தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் தங்களுக்கு எது எளிதோ அதைக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் முழுவதையும் வாசித்து விளக்க வேண்டும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, கணவன் மனைவி இருவரும் பேசி, ஊரிலுள்ள மருத்துவரிடமும் காட்டிவிட்டு வர நேரம் கேளுங்கள். இன்றே கையெழுத்து வேண்டும் என்று யாராவது நெருக்கினால், அதையே தயங்குவதற்குப் போதிய காரணமாகக் கொள்ளலாம். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. ஊசி பிள்ளைக்குத்தான் போடப்போகிறார்கள்; "வேண்டாம்மா" என்று அது சொன்னால் ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். முற்றிலும் புதிய மருந்தின் ஆய்வில் குழந்தைகளைச் சேர்க்கும்போது ஒப்புதல் பெறுவதைக் காணொளியாகப் பதிவு செய்வார்கள். அது உங்கள் பாதுகாப்புக்கான சட்டத் தேவை.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் சில உறுதிகளைத் தருகின்றன. ஆய்வினால் பிள்ளைக்குப் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சை இலவசமாகத் தரப்பட வேண்டும், இழப்பீடும் உண்டு. கடுமையான பாதிப்பை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் அவர்களை நீங்களே அழைக்கலாம். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு படி உங்கள் கோப்பில் இருந்தாக வேண்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

நாட்டு மருந்து, பஸ்பம், தெரிந்தவர் கொடுத்த சூரணம், முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் எதைப் பயன்படுத்தினாலும் ஆய்வு மருத்துவரிடம் சொல்லுங்கள்; திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். பாதரசம் கலந்த சில பாரம்பரிய மருந்துகளுக்கும் வெளுப்புக் கிரீம்களுக்கும் நெல்-1 (NELL-1) என்னும் புரதத்தின் பெயரால் அறியப்படும் ஒரு வகை மெம்பரனஸ் நோயோடு தொடர்பு இருப்பதைத் தென்னிந்திய மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். கேரளத்தில் கிரீமை நிறுத்தியதால் பலருக்கு நோய் தணிந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் தேவையற்ற கடும் மருந்து பிள்ளைக்குப் போய்ச் சேரும்; ஆய்வின் முடிவும் கெடும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் அதிக அளவு ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் போடக் கூடாது.

பயணமும் அவசரமும்

அஞ்செட்டியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ மாதந்தோறும் பெங்களூரு சென்றுவருவது எளிதல்ல. பூப்பறிக்கும் வேலையிலோ மாங்கூழ்த் தொழிற்சாலையிலோ தினக்கூலி பெறுபவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலி. மொத்தம் எத்தனை முறை வர வேண்டும், பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் தருவார்களா, இடைப்பட்ட இரத்தப் பரிசோதனைகளைத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்து அனுப்ப ஏற்பாடு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆய்வுக்காக மட்டும் செய்யும் பரிசோதனைக்கும் ஆய்வு மருந்துக்கும் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. பாதியில் வர முடியாமல் போகும் என்று இப்போதே தெரிந்தால், சேராமல் இருப்பதே பிள்ளைக்கும் ஆய்வுக்கும் நல்லது.

காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தல், வலிப்பு, சிறுநீர் மிகக் குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் ஆய்வு மருத்துவமனைவரை போகக் காத்திருக்க வேண்டாம். இந்த நோயில் வயிற்றுக்குள் தொற்று ஏற்படுவதும் இரத்தம் உறைந்து குழாயை அடைப்பதும் உண்டு. இரண்டும் மணிக்கணக்கில் மோசமாகக்கூடியவை. 108ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, ஆய்வு அட்டையைக் காட்டி, அங்கிருந்தே ஆய்வு மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். அம்மை போட்ட பிள்ளையோடு உங்கள் பிள்ளை பழகியிருந்தால், கொப்புளம் வரும்வரை பார்த்திருக்காமல் அன்றே தெரிவியுங்கள். ஸ்டீராய்டை மட்டும் எக்காரணத்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல வாரம் எடுத்தபின் திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காது.

விலகுதல்

எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே ஆய்விலிருந்து விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது. விலகும்போது சொல்லாமல் நின்றுவிடாமல், எந்த மருந்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று கேட்டு, இதுவரை எடுத்த பரிசோதனைகளின் படிகளை வாங்கிக்கொண்டு வாருங்கள். முழுவதும் இருந்து முடித்தவர்கள், பயன் தந்த மருந்து ஆய்வுக்குப் பின்னும் கிடைக்குமா, எவ்வளவு காலத்துக்கு, யார் செலவில் என்று சேரும்போதே கேட்டிருக்க வேண்டும். பிள்ளைக்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதும், மொத்த ஆய்வின் முடிவு என்ன என்பதும் ஆய்வு முடிந்து பல மாதங்கள் கழித்தே வெளிவரும். அதைத் தெரிவிக்க உங்கள் முகவரியையும் மாறாத ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.